புழு அரிக்காத பலகை

‘டும்.’

தூரத்தில் ஒரு குத்து. எறிகணைச் செல் குழாயை விட்டுக் கிளம்பும் சத்தம் அது. அதன் பிறகு கூவல் வரும். கூவல் கேட்டால் தலைக்கு மேலால் போகிறது. கூவல் கேட்காவிட்டால் அது நமக்கு வருகிறது.

கூவல் கேட்கவில்லை.

“படுங்கோ! படுங்கோ எல்லாரும்!”

கத்துவது சவரி மூப்பர். எங்கள் ஊர் மாதா கோயிலைப் பரம்பரையாகப் பராமரிக்கிறவர். நான் மணலில் விழுகிறேன். வாய்க்குள் மணல். எனக்கு முன்னால் என் தம்பி யூட். அவன் முதுகில் ஒரு பலகை. அரிசிச் சாக்கில் சுற்றி, வலைக்கயிற்றால் கட்டியது. அவன் முழந்தாளில் நிற்கிறான். பலகை மண்ணில் அடிபடக் கூடாது என்று குனிந்து பார்க்கிறான்.

“டேய், விழடா.”

வெடித்தது. காது அடைத்தது. பிறகு ஊசிச் சத்தம் மாதிரி ஒன்று, நீளமாக, காதுக்குள்ளேயே. புகை போனபோது யூட் குப்புறக் கிடந்தான். முதுகில் பலகை அப்படியே. ஒரு கீறல் இல்லை. நான் அவனைப் புரட்டினேன். அக்குளுக்குக் கீழே ஒரு ஓட்டை. சின்ன ஓட்டை. என் சுட்டுவிரல் போகும். அவ்வளவுதான்.

தவக்காலம் அது. கடைசிப் போரின் கடைசி மாதங்கள். மன்னார்க் கரையில் இருந்து ஓடத் தொடங்கியவர்கள் முல்லைத்தீவுக் கரை வரை வந்திருந்தோம். இனி ஓட நிலம் இல்லை. முன்னால் கடல்.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்லவேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். ஒஸ்லோவில் ஒரு ஏல நிறுவனம் அதன் உரிமை வரலாறு என்று சொல்லி ஒரு பொய்யை அச்சடித்திருக்கிறது. வழவழத்த தாளில், கலர் படத்தோடு. அந்தப் பொய்க்கு நாங்கள்தான் சாட்சியாம்.

அது மாதா படம். போர்த்துக்கேயர் காலத்தில் வந்தது. துணியில் வரையவில்லை, மரப் பலகையில் வரைந்தது. ஒரு ஆள் முதுகில் சுமக்கலாம். நீல மேலாடை போட்ட மாதா. மடியில் குழந்தை. குழந்தையின் கையில் சிவப்பு முகச் சிட்டு ஒன்று. அப்படி ஒரு குருவி எங்கள் ஊரில் இல்லை. அது மாதாவின் ஊர்க் குருவி என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

ஆனால் படத்தின் முகத்தை எங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. வருடம் முழுக்கச் சிவப்புத் திரை மூடியிருக்கும். திருநாள் அன்று மட்டும் மூப்பர் திரையை விலக்குவார். எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது படத்தின் முதுகு.

ஏனென்றால் முதுகில்தான் ஆணிகள் இருந்தன.

எங்கள் ஊரில் கடலுக்குப் போய் உடல் திரும்பாதவனுக்குக் கல்லறை கிடையாது. எதைப் புதைப்பது? அவனுடைய ஆண்டுத் திவசம் அன்று மூப்பர் படத்தை இறக்கி, முகத்தைத் துணியில் கவிழ்த்து வைப்பார். வள்ளத்து ஆணி ஒன்றைப் பெண்சாதி பிடிப்பாள். பெண்சாதி இல்லாவிட்டால் தாய். மூப்பர் அடிப்பார். மெதுவாக, மூன்று தட்டு. ஆணி பாதிதான் இறங்கும். முன்பக்கம் எட்டக் கூடாது. குடும்பத்துக்கு ஒரு வரிசை. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் படத்தின் பின்னால் கையை விட்டு, தங்கள் ஆணியைத் தொட்டுக்கொண்டு செபம் சொல்வார்கள். என் அப்பாவின் ஆணி வலது ஓரம், மேலிருந்து மூன்றாவது வரிசை. இருட்டில் தொட்டாலும் சொல்வேன். பழைய வள்ளத்து ஆணி. சதுரத் தண்டு.

வேறு எந்த ஊரும் மாதாவின் முதுகில் ஆணி அடிக்காது. பக்கத்து ஊர்க்காரர் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

யூட்டை மணலில் புதைத்தோம். ஆழம் போதாது. கையால் கிண்டினால் எவ்வளவு ஆழம் வரும்? ஒரு குச்சி நட்டேன். என் தாவணித் துண்டு ஒன்றைக் கட்டினேன். அடுத்த நாள் அந்த இடத்தில் செல் விழுந்துகொண்டே இருந்தது. பிறகு போய்ப் பார்த்தேன். குச்சி இல்லை. மேடு இல்லை. எது எந்த இடம் என்று தெரியவில்லை. மணல் கொதித்த கஞ்சி மாதிரிக் கிடந்தது.

பதுங்குகுழிக்குத் திரும்பி வந்தேன். சேலைகளைத் தைத்து மண் நிரப்பிய மூட்டைகள், மேலே பனங்குற்றி. உள்ளே மூப்பர் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். வழியில் உடைந்து கிடந்த உழவு இயந்திரப் பெட்டியில் இருந்து ஒரு ஆணி பிடுங்கி வந்திருந்தேன். துருப்பிடித்தது. மிக நீளம்.

“மூப்பர், திருப்புங்கோ.”

அவருக்கு விளங்கியது. தலையாட்டினார், இல்லை என்று.

“அது கடலிலை போன ஆக்களுக்கு மட்டும், பிள்ளை. மூத்தவங்கள் வைச்ச முறை.”

“இவனுக்கும் குழி இல்லை.”

“அதுக்கு…”

“இவன் மாதாவைச் சுமந்துதான் செத்தவன். திருப்புங்கோ எண்டு சொல்லுறன்.”

வெளியே மறுபடி குத்துச் சத்தம். பிறகு கூவல். எங்களுக்கு மேலால் போனது. மூப்பர் படத்தை மெதுவாகக் கவிழ்த்தார். ஆணியை அவர் பிடித்தார். நான் அடித்தேன். சுத்தியல் இல்லை. ஒரு கல். மூன்று தட்டு இல்லை. எத்தனை என்று எண்ணவில்லை. கோபத்தில் அடித்தேன். கடவுள் மேல் கோபம், கடல் மேல் கோபம், குனிந்து பார்த்த அந்த முட்டாள் தம்பி மேல் கோபம்.

மூப்பர் படத்தை நிமிர்த்தினார். மாதாவின் நீல மேலாடையின் ஓரத்தில், தரையைத் தொடும் இடத்தில், ஆணியின் நுனி வெளியே நின்றது. சுற்றிலும் நீலம் உதிர்ந்திருந்தது. மூப்பர் ஒரு கல்லால் நுனியை மட்டும் உள்ளே தட்டினார். அந்த ஒரு ஆணிதான் முன்பக்கத்துக்கு வந்த ஆணி.

அன்று முதல் மற்றப் பெண்களும் வந்தார்கள். மீன்பெட்டி ஆணி, கதவு ஆணி, கூரைத் தகட்டு ஆணி. எது கிடைத்ததோ அது. மூப்பர் மறுக்கவில்லை. வரிசை எல்லாம் போய்விட்டது. படத்தின் அடிப்பக்கம் முழுக்க ஆணி.

பிறகு அந்த நாள். நாங்கள் கையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள்ளால் இராணுவத்தின் பக்கம் நடந்து வந்த நாள். சோதனை நடக்கிறது. கொண்டுவந்ததை எல்லாம் குவியலில் போடச் சொல்கிறார்கள். பைகள், சைக்கிள், தண்ணீர்க்கான், ஒரு தையல் மெசின். மூப்பர் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி நிற்கிறார். முகத்தில் சிவப்புத் திரை, வெளியே சாக்கு. ஒரு அதிகாரி சாக்கை விலக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தான். ஆணிகளைப் பார்த்தான். வெறும் பலகை என்று நினைத்தான். போடு என்று கை காட்டினான்.

மூப்பருக்கு மீன் வியாபாரத்தில் பழகிய சிங்களம் உண்டு. அவர் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கும் அவ்வளவு சிங்களம் விளங்கும்.

இது பலகை இல்லை ஐயா, என்றார். எங்கள் மாதா. நானூறு வருசத்துக்கு மேலே பழசு. போர்த்துக்கேயர் கொண்டுவந்தது. இலங்கையிலேயே இதைப்போல வேறு இல்லை. கவனமாக இருங்கோ.

ஐயோ மூப்பர். அந்த வாய்.

எங்கள் பக்கத்துக் கோயில்காரர் எல்லாருக்கும் இது உண்டு. மாதாவின் வயதைச் சொல்லாமல் இருக்க ஏலாது. பக்கத்து ஊர் மாதா முந்நூறு என்றால் எங்கள் மாதா நானூறு. திருநாளுக்கு வருகிற ஐஸ்பழக்காரனுக்கும் சொல்வோம். அன்று சாவு வாசலில் நின்றுகொண்டும் சொன்னார். பேசாமல் நின்றிருந்தால் அது குவியலில் விழுந்திருக்கும். பின்னேரம் யாராவது ஒரு பெண் அடுப்புக்கு என்று சொல்லி எடுத்து வந்திருப்பாள்.

அதிகாரியின் முகம் மாறியது. திரையை விலக்கினான். பார்த்தான். கையை நீட்டினான். மூப்பர் விடவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தார். துவக்குப் பிடியால் வாயில் அடித்தான் இன்னொருவன். ‘டக்’ என்ற சத்தம். ஒரு பல் போனது. மூப்பர் விழுந்த பிறகும் கயிறு கையில் இருந்தது. கத்தியால் அறுத்தார்கள். படம் ஜீப்புக்குள் போனது.

நான் பார்த்தேன். இந்த இரண்டு கண்ணால் பார்த்தேன்.

பல வருடம் கழித்து, இப்போது நோர்வேயில் ஒஸ்லோ. குரோருட் பகுதியில் ஒரு பள்ளியில் கணிதம் படிப்பிக்கிறேன். ஆசிரியர் அறையில் காப்பி மேசை மேல் ஒரு பத்திரிகை கிடக்கிறது. ஏல விளம்பரப் பக்கம் திறந்தபடி. நீல மேலாடை. குழந்தை. சிவப்பு முகச் சிட்டு.

காப்பியைக் கொட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் துடைக்கக் கடதாசி தந்தார். சுகமில்லையா என்று கேட்டார். நான் பள்ளியை விட்டு இறங்கி டீ-பானே சுரங்க ரயிலில் ஏறினேன். மேற்கு ஒஸ்லோவில் அந்த ஏல நிறுவனம். ஏலத்துக்கு முன் பொருட்களைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். மரத் தரை. தட்டில் திராட்சை. மெதுவாகக் கதைக்கும் மனிதர்கள். சுவரில் எங்கள் மாதா. திரை இல்லாமல். வெளிச்சம் போட்டு.

எனக்கு முதலில் வந்தது கண்ணீர் இல்லை. வெட்கம். அம்மாவை உடுப்பில்லாமல் தெருவில் கண்டது போல. உடனே கோபம்.

பக்கத்தில் விபரம் எழுதியிருந்தது. பதினாறாம் நூற்றாண்டுத் தொடக்கம். பெல்ஜியம் பக்கத்து ஓவியப் பட்டறை. ஓக் மரப் பலகை. உரிமை வரலாறு: போர்த்துக்கல்லில் தனியார்; பிறகு கொழும்பில் தனியார் சேகரிப்பு; பிறகு ஒஸ்லோவில் தற்போதைய உரிமையாளர். நிலை: முன்பக்கம் மேலாடையில் சிறு வர்ணப் பூச்சு. பின்பக்கம் வழமையான புழு அரிப்பு.

போர்த்துக்கல்லுக்கும் கொழும்புக்கும் இடையில் ஒரு அரைப்புள்ளி. அந்த அரைப்புள்ளிக்குள் எங்கள் ஊர். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் தேடித் திரிந்த காலத்தில் அதைக் கிணற்றுக்குள் இறக்கியவர்கள், கருவாட்டுக் குவியலுக்கு அடியில் ஒளித்தவர்கள், எல்லாரும் அந்த அரைப்புள்ளிக்குள்.

பின்பக்கத்தைப் பார்க்கவேண்டும் என்றேன். இது என் ஊர்க் கோயில் படம் என்றேன். சத்தமாகச் சொன்னேன் போல. திராட்சை தின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சில்யே என்ற பெண் வந்தாள். படங்களைச் செப்பனிடுபவள். நீலக் கையுறை. என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய்ப் படத்தைக் கவிழ்த்தாள்.

ஆணி ஒன்றும் இல்லை. வெறும் துளைகள்.

“ஆணிகளை யார் பிடுங்கியது?” என்றேன்.

உரிமையாளர் என்றாள். கொழும்பில் வேலை பார்த்தவர். போர் முடிந்தபின் ஒரு கடையில் வாங்கினார். மலைவீட்டில் மாட்டிவைத்திருந்தார். ஆணிகள் சுவரைக் கீறியதாம். குறடால் ஒவ்வொன்றாகக் கழற்றிக் குப்பையில் போட்டாராம்.

சுவரைக் கீறியதாம்.

அவள் சொன்னாள்: “புழு அரித்த துளை வட்டமாக இருக்கும். இதில் பல துளை சதுரம். நான் ஆணித் துளை என்றுதான் எழுதிக் கொடுத்தேன். மேலே மாற்றிவிட்டார்கள். துளைகளை மெழுகால் அடைக்கவும் சொன்னார்கள். இன்னும் அடைக்கவில்லை.” அவளுக்குத் தெரிந்தே இருந்தது. யாருடைய ஆணி என்றுதான் தெரியாது. கையுறை இல்லாமல் தொடலாமா என்று கேட்டேன். யோசித்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

வலது ஓரம். மூன்றாவது வரிசை. அப்பா இருந்தார். இல்லை, அப்பா இருந்த இடம் இருந்தது.

படம் எங்கள் கோயிலுடையது என்று நான் எழுதிக் கொடுத்தபின் நிறுவனம் எங்களை அழைத்தது. அவர்களுடைய சட்டத்தரணி ஒருவர். நான் சம்பந்தப்பட்டவள் என்பதால் நான் மொழிபெயர்க்கக் கூடாதாம். அதற்கு வேறு ஒருத்தியை வைத்தார்கள். சென்னைப் பக்கத்துப் பெண், இளம் வயது, நன்றாக நோர்வேஜியன் கதைத்தாள். சவரி மூப்பரை நான் ஹவுகெட்டோவில் இருந்து கூட்டிவந்தேன். மகளோடு அங்கே இருக்கிறார். நிறைய வருடம் வடகோடி ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினவர். இப்போது முழங்கால் வலி. கோட்டுப் போட்டு, தலை வாரி, செபமாலையைக் கையில் சுற்றி வந்திருந்தார். படத்தைக் காட்டியபோது நிமிர்ந்து பார்க்கவில்லை. கோட்டைக் கழற்றினார். அதன் மேல் போட்டு மூடினார். சட்டத்தரணி எழும்பினார். சில்யே கையைக் காட்டி அவரை இருக்கச் சொன்னாள்.

ஒரே கேள்விதான் முக்கியம் என்றார் சட்டத்தரணி. இந்தப் படம் கோயிலின் கையை விட்டு எப்படிப் போனது?

மூப்பர் நேராக இருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

“நாங்கள்தான் குடுத்தனாங்கள்,” என்றார். “போர் நேரம். பத்திரமா வைச்சிருக்கச் சொல்லி அதிகாரியின்ரை கையிலை குடுத்தனாங்கள்.”

நான் எழும்பினேன்.

“மூப்பர், என்ன கதைக்கிறியள்? பறிச்சவங்கள் எண்டு சொல்லுங்கோ. உங்கடை பல்லை உடைச்சவங்கள் எண்டு சொல்லுங்கோ.”

சாட்சிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்றார் சட்டத்தரணி. சென்னைப் பெண் மூப்பரின் பக்கம் குனிந்தாள். “ஐயா, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க. நீங்களா குடுத்தீங்களா, அவங்களா எடுத்துக்கிட்டாங்களா?” மொழிபெயர்க்க மட்டும் செய்யுங்கள் என்று அவளுக்கும் ஒரு வெட்டு. அவள் முகம் சிவந்தது.

“ஓம் பிள்ளை,” என்றார் மூப்பர். “குடுத்தனாங்கள்.”

பத்திரமாக வைக்கக் கொடுத்தால் பொருள் வைத்திருப்பவனுடையதாகிவிடுமா? நான் சட்டத்தரணியைக் கேட்டேன். நீங்கள் வரும்போது உங்கள் மேல்கோட்டை வாசலில் வாங்கி மாட்டினார்களே, அது இனி அவர்களுடையதா? கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு உண்டா என்று திருப்பிக் கேட்டார் அவர். பற்றுச்சீட்டு. தண்ணீருக்குள்ளால் கையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களிடம் பற்றுச்சீட்டு. அந்த மேசையைப் புரட்டிப் போட்டிருக்கவேண்டும். போடவில்லை. அது இன்றும் எரிகிறது.

ரயிலில் ஹவுகெட்டோ வரை நான் அவரை விட்டுத் தள்ளி வேறு இருக்கையில் இருந்தேன். ரயில் மேடையில் இறங்கியபின் அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

“என்ரை அப்பு வைச்சிருந்தவர். அவரின்ரை அப்பு வைச்சிருந்தவர். ஒல்லாந்தனிட்டையும் ஒருத்தரும் விட்டுக்குடுக்கேல்லை. மாதாவைப் பறிகுடுத்த மூப்பர் எண்டு வெள்ளைக்காரனுக்கு முன்னாலை நான் எப்பிடிச் சொல்லுறது, பிள்ளை?”

“அப்ப பொய் சொல்லலாமோ?”

“நான் குடுத்தன் எண்டால் நான் திருப்பிக் கேக்கலாம். பறிச்சவங்கள் எண்டால் நான் காக்கேல்லை.”

அவர் அழுதார். குளிர் காற்று. அந்தப் பல் இல்லாத இடம் தெரிந்தது. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பாதி போனது. மீதி இருக்கிறது. ஆனால் அவர் கையைப் பிடித்துப் படியேற்றினேன்.

ஏலம் நடந்தது. தொலைபேசியில் யாரோ வாங்கினார்கள். எந்த நாடு என்று சொல்லமாட்டார்களாம். சில்யே துளைகளை அடைக்கவில்லை. தன்னால் முடிந்தது அவ்வளவுதான் என்று எனக்குச் சொன்னாள். அதை நம்புகிறேன். ஏலத்துக்கு முதல் நாள் விபரத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். முன்பு எங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இப்போது இருக்கிறது: இலங்கையின் வடக்கில் உள்ள ஒரு கோயில், போர்க்காலத்தில் தன் விருப்பத்துடன் அதிகாரிகளிடம் ஒப்படைத்தது.

தன் விருப்பத்துடன்.

எங்கள் போரில் சமாதானம் பேச வந்த நாடு இந்த நோர்வே. இங்கே உட்கார்ந்து என்னைக் கொண்டே என் வீட்டுக் களவுக்குச் சாட்சி சொல்விக்கிறார்கள். புழு அரித்தது என்றும் எழுதினார்கள். அந்த வரி மாறவில்லை.

ஆகவே உரிமை வரலாற்றை நான் எழுதுகிறேன். நாளைக்கு இந்தப் படத்தை எந்தச் சுவரில் கண்டாலும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். கோயில் இப்போது கூரை இல்லாமல் நிற்கிறது. அங்கே படம் இருந்த சுவரில் வெள்ளையாக ஒரு சதுரம். இழந்த கணக்கு இது.

மேல் வரிசைகள், சதுரத் துளைகள். கடல் எடுத்தவர்கள். பழையவர்களின் பெயர் எனக்குத் தெரியாது, மூப்பருக்குத் தெரியும். தெரிந்தவர்கள்: சந்தியாப்பிள்ளை. அவர் மகன் மரியான். ஒரே புயலில் போன அந்தோனியும் அவர் மைத்துனரும். வலது ஓரம், மூன்றாவது வரிசை, என் அப்பா.

அடிப்பக்கம், வரிசை இல்லாத துளைகள். மணல் எடுத்தவர்கள். செபமாலை ரீச்சர். அவருடைய கணவர். தையல்கார எமில்டா, தண்ணீர் எடுக்கப் போன இடத்தில். இடது மூலையில் கொஞ்சம் பெரிய துளை ஒன்று. அது சலோமியின் பிள்ளைகள். இரண்டு பேர். அவளிடம் ஒரு ஆணிதான் இருந்தது. எண்ணுகிறவர்கள் அந்தத் துளையை இரண்டாக எண்ணவேண்டும். சலோமிக்குத் துளை இல்லை. அவள் போனபோது ஆணி பிடிக்க அவள் வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை. அப்படித் துளையே இல்லாமல் போன வீடுகள் இன்னும் உண்டு. வழவழவென்று இருக்கும் மரத்தையும் எண்ணுங்கள்.

மூப்பரின் ஒரு பல்.

ஒரு சிவப்புத் திரை.

பிறகு படத்தை நிமிர்த்துங்கள். நீல மேலாடையின் ஓரம், தரையைத் தொடும் இடம். அங்கே நீலம் கொஞ்சம் புதிதாக இருக்கும். பிற்காலத்தில் யாரோ பூசி மறைத்தது. விரல் வைத்தால் சின்னப் பள்ளம் தெரியும்.

அது என் தம்பி யூட். புழு இல்லை.